ஏழாம் நாளில் மன்னா விழாது

(தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான குடும்பச் சிந்தனை. குரும்பலூரைச் சேர்ந்த தம்பதியர் வழங்கியது.)

வழக்கமாக இந்த நேரத்தில் அருள்தந்தையர்களின் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று ஒரு கணவனும் மனைவியும் பேசுகிறோம். தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நற்செய்தி பாலைநிலத்தைப் பற்றியது. "நீங்கள் இருவரும் பாலைநிலத்தில் குடியிருந்தவர்கள்தானே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று எங்களைக் கேட்டார்கள். நாங்கள் விவிலிய அறிஞர்கள் இல்லை. எங்களில் ஒருவர் செவிலியர், மற்றவர் ஏசி மெக்கானிக். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம்.

நற்செய்தியில் இன்று ஆண்டவர் இயேசுவைத் தூய ஆவியார் பாலைநிலத்துக்கு அழைத்துச் செல்கிறார். நாற்பது நாள். பசி, சோதனை, தனிமை. எங்களைப் பாலைநிலத்துக்கு அழைத்துச் சென்றது தூய ஆவியார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கடன்தான் அழைத்துச் சென்றது. நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும். மானாவாரி நிலம், இரண்டு வருடம் மழை பொய்த்தால் வட்டி, மூன்றாம் வருடம் பாஸ்போர்ட்.

எங்களில் ஒருவர் 2010-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனார். 2012-இல் விடுப்பில் வந்தபோது திருமணம். நாற்பது நாள் ஒன்றாக இருந்தோம், பிறகு விமானம். அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதம். 2014-இல் மகள் பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வந்தபோது "அப்பா எங்கே?" என்று கேட்டால் சுவரில் மாட்டியிருந்த திருமணப் படத்தைக் காட்ட மாட்டாள். கைப்பேசியைக் காட்டுவாள். அப்பா அதற்குள்ளே இருப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

அந்த வருடங்களில் அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. திருஅவையும் அந்த நாட்டு வழக்கத்தை ஏற்று, ஞாயிறு திருப்பலியை வெள்ளிக்கிழமையிலேயே நிறைவேற்ற வழிசெய்திருந்தது. ஆனால் எங்களில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை என்பது ஓவர்டைம். விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடுதல் சம்பளம். அந்தப் பணம் தனியாகக் குரும்பலூருக்கு வரும். அது வீடு கட்டும் பணம். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், வாசலில் கிரானைட் தூண் என்று திட்டம். அந்த வீட்டைக் கட்டியவர் எங்கள் அப்பா. அவரே கொத்தனார். ஊரில் எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், ஐம்பத்தெட்டு வயதில் தன் மகனுக்காக அஸ்திவாரம் தோண்டினார்.

2017 தொடக்கத்தில் எங்களில் மற்றவருக்கு அமீரகத்தின் அல் ஐன் நகரில் செவிலியர் வேலை கிடைத்தது. குடும்பமாக வாழ அனுமதி கிடைத்தது. அடேயப்பா, எவ்வளவு மகிழ்ச்சியோடு போனோம்! விமான நிலையத்தில் மகள் தன் அப்பாவைப் பார்த்ததும் அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் உயரமாக இருந்தது அவளுக்குப் பயமாக இருந்ததாம்.

அன்பர்களே, ஐந்து வருடம் தாம்பத்தியம் நடத்திய எங்களுக்கு, ஒரே வீட்டில் இருக்கத் தெரியவில்லை என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டோம். அவர் எட்டுப் பேர் அறையில் தூங்கிப் பழகியவர். விளக்கு எரிந்தாலும், யார் பேசினாலும் தூங்குவார், எழுந்ததும் பேசாமல் வேலைக்குப் போவார். அவளோ மாமனார் மாமியாரோடு, குழந்தையோடு, ஒரு வீட்டுப் பொறுப்பையே தனியாகச் சுமந்து பழகியவள். எதையும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. ஒருவர் விடுமுறையில் மற்றவர் வேலை. வெள்ளிக்கிழமை ஓவர்டைம் அப்போதும் நிற்கவில்லை. "என்னங்க, இந்த வாரமாவது கோயிலுக்கு ஒண்ணா போலாமா?" என்று கேட்டால், "மேல்தளத்துக்குக் கம்பி வாங்கணும்ல" என்று பதில் வரும்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. படுக்கையறைச் சுவரில் ஏசிக்குக் கீழே பெயிண்ட் உப்பிக்கொண்டு உரிந்தது. பூஞ்சை கறுப்பாகப் படர்ந்தது. மகளுக்கு இருமல் நிற்கவில்லை. ஊரார் வீட்டு ஏசியையெல்லாம் பழுதுபார்க்கிற மனிதரின் சொந்த வீட்டு ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. கோபத்தோடு ஒரு டப்பா பட்டியும் தகடும் வாங்கி வந்து, உரிந்த இடத்தில் பூச ஆரம்பித்தார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். சுவரைப் பார்த்தார்.

"தம்பி, என்ன பண்ற?"

"சொவரு பூசுறம்ப்பா."

"கைய எடு. ஈரம் காயாம பட்டி வைக்காத. மேல மூடுனா உள்ள இருக்கிற தண்ணி செத்துப்போயிடுமா? ஒருநாள் வெளிய வரும். மொதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாரு."

பார்த்தோம். ஏசியின் தண்ணீர்க் குழாய் தூசியால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தோம். உப்பிய இடத்தைச் சுரண்டினோம். அப்பா சொன்னபடி இரண்டு வாரம் காயவிட்டோம். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட்டு பெயிண்ட். மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆயின. ஒவ்வொரு வாரமும் அப்பா வீடியோவில் வந்து மேற்பார்வை பார்த்தார்.

அந்த இரண்டு வாரக் காத்திருப்பில்தான் எங்கள் சண்டை நடந்தது. சுவரைப் பற்றி ஆரம்பித்து, ஐந்து வருடத்தைப் பற்றி முடிந்தது. பிரசவ வலியில் தனியாக ஆட்டோவில் போனதைப் பற்றி, பண்டிகை நாளில் பத்து நிமிடத்துக்குமேல் பேசாததைப் பற்றி, எட்டுப் பேர் அறையில் காய்ச்சலோடு கிடந்தபோது வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்ததைப் பற்றி. இருவரும் அழுதோம். அப்போதுதான் விளங்கியது. ஐந்து வருடமாக நாங்கள் ஈரச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தோம். "நல்லா இருக்கீங்களா?", "நல்லா இருக்கேன்" என்ற பட்டி. பணம் அனுப்பிய பட்டி. உள்ளே தண்ணீர் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் விடுதலைப்பயண நூலின் பதினாறாம் அதிகாரத்தை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்கள் பாலைநிலத்துக்கு வந்தார்கள். பசித்தபோது கடவுள் மன்னா தந்தார். ஒவ்வொரு நாளும் அன்றைய தேவைக்கு எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு மறுநாளுக்கு வைத்தால் புழு வைத்துவிடும். ஆனால் ஆறாம் நாள் இரண்டு மடங்கு கிடைக்கும், அது கெடாது. ஏழாம் நாள் எதுவும் விழாது. அது ஓய்வு நாள். அப்படிச் சொன்ன பிறகும் சிலர் ஏழாம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடிமைக்கு விடுமுறை கிடையாது. எகிப்தில் அவர்கள் செங்கல் அறுத்துக்கொண்டே இருந்தவர்கள். விடுதலை பெற்ற மக்களுக்குக் கடவுள் பாலைநிலத்தில் முதலில் கற்றுக்கொடுத்தவற்றில் ஒன்று, ஒரு நாள் வேலையை நிறுத்தி உட்காருவது. சீனாய் மலையில் பத்துக் கட்டளைகளைத் தருவதற்கு முன்பே இந்தப் பாடத்தைத் தந்துவிட்டார். நாங்களோ ஏழு வருடமாக ஏழாம் நாளிலும் கூடையோடு அலைந்துகொண்டிருந்தோம். கூடையில் காசு விழுந்தது உண்மை. ஆனால் வீட்டில் மன்னா விழவில்லை.

அந்த ஆண்டின் திருவருகைக் காலத்தில் வெள்ளிக்கிழமை ஓவர்டைமை நிறுத்தினோம். அதற்கு விலை இருந்தது. மேல்தளம் நின்றுபோனது. கிரானைட் தூண் நின்றுபோனது. அப்பாவிடம் சொல்லவே பயமாக இருந்தது. அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு தளம் போதும்ப்பா. கம்பிய மட்டும் மேல விட்டு வைக்கிறேன்" என்றார். மொட்டைமாடியில் அந்தக் கம்பிகள் இன்றைக்கும் நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் இப்படிக் கம்பி நீட்டிய வீடுகளை நிறையப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. கேலி செய்யாதீர்கள்.

அதன்பிறகு எங்கள் வார விடுமுறைக்கு ஒரு வடிவம் வந்தது. வெள்ளி காலை புனித மரியா ஆலயத்தில் திருப்பலி. சனிக்கிழமை இருவருக்கும் ஒன்றாக விடுமுறை வாய்த்தால் வீட்டு வேலை. குளியலறை டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் வைத்தோம். சன்னல் ஓரம் சிலிக்கான் அடைத்து மணல் வருவதைத் தடுத்தோம். ஒருநாள் மகளின் புத்தக அலமாரிக்காகச் சுவரில் டிரில் போட்டபோது உள்ளே இருந்த தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்து, வீடே குளமானது. வால்வு எங்கே என்று தெரியாமல் அவர் தேட, அவள் போர்வையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்க, மகள் கைதட்டிச் சிரிக்க, நாங்களும் சிரித்துவிட்டோம். கல்யாணமாகி அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் பேசிக்கொண்டோம். அலமாரி கோணலாகத்தான் நின்றது. அப்பா வீடியோவில் பார்த்துவிட்டு, "கொத்தனார் மவன்னு வெளிய சொல்லிக்காத" என்றார்.

ஒன்றைக் கவனித்தோம். மாதாமாதம் பணம் அனுப்பியபோது அப்பா, "வந்துச்சுப்பா" என்பார், அவ்வளவுதான். ஆனால் "அப்பா, இதுக்கு எவ்வளவு தண்ணி கலக்கணும்?" என்று கேட்ட நாள்களில் அரைமணி நேரம் பேசுவார். அவருக்குத் தேவைப்பட்டது எங்கள் பணம் மட்டும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை நாங்கள் கேட்க வேண்டும் என்பதும்தான்.

2018-இல் எங்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வயது முப்பத்தாறு. வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். நேரம் கெட்ட சாப்பாடு, மூன்று வேளை சோறும் பரோட்டாவும், வேலை முடிந்தால் கட்டில். மருத்துவர் மாத்திரையோடு நடைப்பயிற்சியையும் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. செவிலியராக இதை எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்னவர், சொந்த வீட்டில் சொல்ல ஒரு வருடம் பிந்திவிட்டார்.

அப்படித்தான் பாலைநிலத்துக்குள் நடக்க ஆரம்பித்தோம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். எங்கே போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவோம். கோடையில் அந்தப் பக்கமே போக முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணி முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது.

மணல்மேட்டில் ஏறுவதற்கு ஒரு வழி உண்டு. காற்று அடிக்கும் பக்கம் மணல் இறுகி, சாய்வாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று சரியும். சரியும் பக்கத்தில் ஏறினால் ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே வருவோம். அதாவது காற்று அடிக்கும் பக்கமாக, காற்றை முதுகில் வாங்கி ஏறுபவனுக்குத்தான் கால் ஊன்ற இடம் கிடைக்கும். இது எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது.

அந்த மணலில் ஒரு மரம் பச்சையாக நிற்கும். அமீரகத்தின் தேசிய மரம், அதை அங்கே காஃப் என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் அது நம் ஊர் வன்னி மரம்! மேலே ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே வேரைப் பல மடங்கு ஆழத்துக்கு அனுப்பித் தண்ணீரைத் தேடும் மரம். 2019-ஐ அந்த நாடு சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது இந்த மரத்தைத்தான் சின்னமாக வைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அபுதாபியில் சாயித் விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றினார். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். நள்ளிரவில் பேருந்தில் கிளம்பி நாங்களும் போயிருந்தோம். மணலுக்கு நடுவில் அத்தனை மொழிக்காரர்கள் ஒரே நற்கருணைக்கு முன்னால் அமைதியாக நின்ற அந்தக் காலைப்பொழுதை மறக்க முடியாது.

அல் ஐன் நகரின் அருகே ஜபல் ஹஃபீத் என்றொரு மலை. 1,200 மீட்டருக்கு மேல் உயரம், ஒரு புல்லும் இல்லாத சுண்ணாம்புப் பாறை. அதன் அடிவாரத்தில் நடந்தபோது மகள் ஒரு கல்லைக் காட்டினாள். உள்ளே சிப்பி. அந்த மலை ஒரு காலத்தில் கடலடியில் இருந்ததாம். உடனே எங்களுக்குக் காரை ஞாபகம் வந்தது. நம் பெரம்பலூர் பக்கத்துக் காரை, குளக்காநத்தம் செம்மண் பள்ளங்களிலும் கடல் உயிர்களின் படிமங்கள் கிடைக்கின்றன அல்லவா? சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறதே, அதைப் பார்க்காத பள்ளிக்கூடப் பிள்ளை நம் மாவட்டத்தில் உண்டா? கடல் இருந்த இடம் வறண்ட நிலமாகிறது. ஆண்டவர் நினைத்தால் வறண்ட நிலம் நீரூற்றாகவும் ஆகும் என்று எசாயா இறைவாக்கினர் சொல்கிறார். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மகளோடு அதைப் பேச முடிந்தது. "போனுக்குள்ள இருந்த அப்பா" அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அப்பாவிடம் இந்த நடையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் காவி கட்டிக்கொண்டு குரும்பலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர் அவர். "நீங்க சக்கரைக்கு நடக்கிறீங்க, நாங்க மாதாவுக்கு நடந்தோம். நடந்தா ரெண்டும் கொறையும், சக்கரையும் கொறையும், தலக்கனமும் கொறையும்" என்றார்.

ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு முகம் எங்கள் கண்முன் நிற்கிறது. நம் மாவட்டத்துத் தம்பி ஒருவர். தொழிலாளர் முகாமில் இருந்தார். சில வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். நாங்கள் சுவருக்கு வண்ணம் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அண்ணே, என் வீட்டுச் சொவரு என்ன கலர்னு வீடியோவுல பாத்தாத்தான் எனக்குத் தெரியும். ஓவர்டைம் வேணாம்னு சொல்ற வசதி எனக்கு இல்ல அண்ணி." அவருக்கு நாங்கள் மறையுரை வைக்கவில்லை. தூரிகையைக் கையில் கொடுத்தோம். அன்று மாலைவரை பூசினார். வீடியோவில் தன் மனைவிக்குக் காட்டி, "நான் பூசுன சொவரு" என்றார். ஆகவே வெளிநாட்டில் உழைக்கும் யாரையும் குறை சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. சேர்ந்து வாழ அனுமதி கிடைத்ததே எங்களுக்குக் கிடைத்த மன்னா. கிடைத்தும் அதை ஒரு வருடம் வீணாக்கினோம் என்பதுதான் எங்கள் குற்றம்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதராக அறிவித்தார். அவர்களில் ஒருவர் நம் தேவசகாயம். திருமணமானவர், அரசு வேலை பார்த்த பொதுநிலையினர், 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டு உயிர்நீத்தவர். அதே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட இன்னொருவர் சார்லஸ் தெ ஃபுக்கோ. சகாரா பாலைநிலத்தில் வாழ்ந்த பிரெஞ்சு அருள்பணியாளர். குருவாகும்முன் நாசரேத்தில் அருள்சகோதரிகளின் மடத்தில் எடுபிடி வேலை செய்தார். பிறகு சகாராவில் தமன்ராசெத் என்ற ஊரில் கல்லும் மண்ணும் கொண்ட ஒரு சிறு வீட்டில், துவாரெக் மக்களின் அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்தார், அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்தார். 1908-இல் அவர் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, வறட்சிக் காலத்தில் அந்த ஏழை மக்கள் தேடித் திரட்டிய ஆட்டுப்பாலைக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். கொடுக்க வந்தவர் வாங்கிக்கொள்ளக் கற்றார். பாலைநிலம் மனிதனுக்கு அதைத்தான் கற்றுக்கொடுக்கிறது. எங்களுக்கும் அதுதான் நடந்தது. அனுப்புகிறவர்கள் என்று நினைத்திருந்தோம், அப்பாவிடம் கேட்டு வாங்கியபோதுதான் பிள்ளைகள் ஆனோம்.

இனிச் சொல்வது எங்களுக்குக் கடினமானது. 2021-இல் பெருந்தொற்றின் இரண்டாம் அலை. ஏப்ரல் 24 இரவு முதல் இந்தியாவிலிருந்து பயணிகள் அமீரகத்துக்குள் வரத் தடை. மே மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல். எங்களில் ஒருவர் அங்கே தொற்றுநோய்ப் பிரிவில் பணியில் இருந்தார். மற்றவர் ஊருக்குப் போகலாம், ஆனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியாது. வேலை போகும். வீட்டுக்கடன் இருந்தது. இரண்டு இரவு பேசினோம். போவதில்லை என்று முடிவெடுத்தோம். அப்பாவும், "வராதப்பா, புள்ளையோட இரு" என்றார். ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தோம். எங்கள் மகள் பிறந்தபோது அப்பா எந்தப் பெட்டிக்குள் இருந்தாரோ, அதே பெட்டிக்குள் எங்கள் அப்பா போனார்.

அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது. ஒப்புரவு அருள்சாதனத்தில் சொல்லியிருக்கிறோம், மன்னிப்பும் பெற்றிருக்கிறோம். ஆனாலும் சில இரவுகளில் அந்தச் சுவர் ஈரமாகிறது. அதன்மேல் பட்டி பூசாமல், காயும்வரை காத்திருக்கிறோம். அந்த மூன்றரை வருட வெள்ளிக்கிழமைகள் இல்லாமல் போயிருந்தால் அவரைப் பற்றி எங்களிடம் இருந்திருப்பது வங்கி ரசீதுகள் மட்டும்தான். இப்போது அவர் குரல் இருக்கிறது.

2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் வரலாறு காணாத மழை. அல் ஐன் பகுதியில் ஓர் இடத்தில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 1949-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. ஊரெல்லாம் வெள்ளம். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு பார்த்தோம். அப்பா சொல்லிச் செய்த அந்தச் சுவர் மட்டும் பெயிண்ட் உரியாமல் நின்றது. அன்று இரவு ஊருக்குத் திரும்புவது என்று முடிவு செய்தோம்.

குரும்பலூருக்கு வந்து வீட்டைத் திறந்தபோது, பின்பக்கம் அப்பாவின் சாக்குப்பையைக் கண்டோம். கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம். வாசலில் ஒரு திண்ணைக்கு இரண்டு வரிசை செங்கல் வைத்து நிறுத்தியிருந்தார். கிரானைட் தூண் வர வேண்டிய இடம் அது. தூண் வராது என்று தெரிந்ததும் திண்ணைக்கு மாற்றியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. ஏழு ஞாயிறு மாலைகளில் நாங்கள் மூவரும் அந்தத் திண்ணையைக் கட்டி முடித்தோம். மகள் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல வந்திருச்சு, நடுவுல வந்திருச்சு" என்று கத்தினாள். இப்போது ஞாயிறு மாலை அம்மா அதில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். அதற்குமுன் நாங்கள் மூவரும் குரும்பலூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவோம். சர்க்கரை இன்னும் இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது.

அன்புக்குரியவர்களே, ஆண்டவர் கட்டாத வீட்டில் கொத்தனாரின் உழைப்பு வீண் என்பது 127-ஆம் திருப்பாடலின் கருத்து. கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது இப்படிப் புரிகிறது: வேலையை நிறுத்தி ஒருவரோடு ஒருவர் உட்காரும் நேரத்தில்தான் ஆண்டவர் கரணையைக் கையில் எடுக்கிறார். இந்தத் தவக்காலத்துக்கு மூன்று சிறு முயற்சிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, வீட்டில் பழுதான ஒரு பொருளை இந்த நாற்பது நாளுக்குள் குடும்பமாகச் சேர்ந்து சரிசெய்யுங்கள். ஆள் வைத்துச் செய்ய வேண்டாம். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. செய்யும்போது பேசுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

இரண்டு, வாரத்தில் ஒருநாளாவது சேர்ந்து நடங்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வண்டியில் வராமல் நடந்தே வாருங்கள். வழியில் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

மூன்று, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர்களே, பணம் வந்ததா என்பதற்குப் பதில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து இதைக் கேட்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அப்பாவுக்கு, அம்மாவுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை இன்றைக்கே கேளுங்கள். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டாலும் போதும். கணவரை இழந்தவர்கள், மனைவியைப் பிரிந்தவர்கள், தனியாக வாழ்பவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். அன்பியத்தில் யாராவது அவர்கள் வீட்டுக் கதவுக்கு ஒரு கீலாவது மாட்டிக் கொடுங்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மன்றாடுவோமாக. பாலைநிலத்தில் உம் மக்களுக்கு உணவும் ஓய்வும் தந்த ஆண்டவரே, வயிற்றுப்பிழைப்புக்காகப் பிரிந்து வாழும் எங்கள் குடும்பங்களைக் கண்ணோக்கும். ஓய்வு கிடைத்தவர்கள் அதை வீணாக்காதிருக்கவும், ஓய்வு கிடைக்காதவர்களுக்கு அது கிடைக்கவும் அருள்தாரும். பிள்ளைகள் அருகில் இல்லாமல் இறந்த எல்லாப் பெற்றோருக்கும் உம் இல்லத்தில் இடம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

மரியே வாழ்க.